மார்னிக்கு நான் போட்ட ஓட்டு

நவம்பர் மாதத்து அந்தப் புதன்கிழமை காலை, வானொலியில் முடிவைச் சொன்னபோது நான் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். மார்னி ஹாஸ்கெல், நாற்பத்தெட்டு சதவீதம். ரோவெல், நாற்பத்தாறு. மீதி, ஆப்பிள் தோட்டக்காரர் பிங்ஹாமுக்கு. மார்னிதான் முதலிடம். ஆனால் பாதியைத் தாண்டவில்லை.

எனக்குள் யாரோ மெல்லக் கைதட்டியதுபோல இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். மார்னி என் நாற்பது வருடத் தோழி. முந்தின நாள் நகர மன்றத்தில் அவள் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை நான்தான் கறுப்பாக்கிவிட்டு வந்திருந்தேன். தோற்றுவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு தாராளமாகக் கறுப்பாக்கினேன் என்பது அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது.

எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் கவர்னராக வேண்டுமானால் விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கவேண்டும். யாரும் வாங்காவிட்டால் முடிவு சட்டசபைக்கு வந்துவிடும். ஜனவரியில் நூற்றைம்பது உறுப்பினர்களும் முப்பது செனட்டர்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, முதல் மூன்று பேரில் ஒருவர் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். யார் யாருக்குப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அந்த நூற்றைம்பதில் நானும் ஒருத்தி. ஒடெட் கான்யோன், வெஸ்ட் ஹார்லோ உறுப்பினர், பதினாலு வருடமாக.

மார்னியை அரசியலுக்குக் கூட்டிவந்ததே நான்தான். என் முதல் தேர்தலில் அவள் எனக்குக் கார் ஓட்டினாள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் அடுக்களைக் கதவைத் தட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். நான்கு வருடம் கழித்து எங்கள் பகுதியின் செனட்டர் ஓய்வு பெற்றார். ஒடெட்தான் நிற்பாள் என்று ஊரே பேசியது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசித்து முடிப்பதற்குள் மார்னி மனு கொடுத்துவிட்டாள்.

"நீ வேணாம்னுதானடி நெனச்சேன்," என்றாள் அப்போது. "ஒரு மாசமா வாயத் தெறக்கலயே!"

அவள் சொன்னது நியாயம்தான். அதனால்தான் அது இன்னும் ஆறவில்லை. அவள் என்னை ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

அன்றிலிருந்து அவளுடைய ஒவ்வொரு தேர்தலுக்கும் வேலை செய்தேன். பனியில் அவள் பெயர் எழுதிய பலகை நட்டேன். கோழி விருந்துகளில் தட்டு கழுவினேன். அவள் மேடையேறினால் மண்டபம் நிமிர்ந்து உட்காரும். நான் பேசினால் ஜனங்கள் எழுந்துபோகத் தங்கள் கோட்டு எங்கே என்று தேடுவார்கள். கைதட்டும்போது நான் எப்போதும் மற்றவர்களைவிட ஒரு தட்டு அதிகம் தட்டுவேன், யாராவது என் முகத்தைப் பார்த்துவிடப்போகிறார்களே என்று.

அக்டோபரில் தொலைக்காட்சி விவாதம் நடந்தது. பால் விலை பற்றிக் கேட்டபோது, மார்னி ஒரு கதை சொன்னாள். தனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, பால் விலை கட்டுப்படியாகாமல் முப்பத்தெட்டு மாடுகளையும் விற்று ஒரே நாளில் லாரியேற்றினாராம். கடைசி மாடு ஏற மறுத்ததாம். அவர் தன் தொப்பியைக் கழற்றி அதன் கண்ணை மறைத்து, காதில் ஏதோ பேசிக்கொண்டே ஏற்றினாராம். அரங்கத்தில் ஒரு பெண் அழுதாள். மறுநாள் பத்திரிகையெல்லாம் அந்தத் தொப்பிதான்.

அந்த விவசாயி என் அப்பா. தொழுவத்துக் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தது பதினொரு வயது நான். ஒருமுறை காரில் போகும்போது மார்னியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். பதினாலு வருடத்தில் சட்டசபையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். அவள் அழவில்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த இடத்தில் நிறுத்தினாள்.

டிசம்பர் முழுக்க இழுபறி. எங்கள் கட்சிக்கு எண்பத்துநான்கு பேர். ரோவெல் கட்சிக்கு எண்பத்தொன்பது. ஏழு பேர் எதிலும் சேராதவர்கள். ஜெயிக்கத் தொண்ணூற்றொன்று வேண்டும். மக்களிடம் முதலில் வந்தவருக்கே சபையும் போடுவது வழக்கம். ஆனால் வழக்கம் சட்டமில்லை. 'பாதிகூட வாங்காதவளுக்கு நாங்க ஏன் போடணும்?' என்று ரோவெல் கட்சியில் பலர் முணுமுணுத்தார்கள்.

மார்னி ஒவ்வொரு உறுப்பினராகப் பார்த்துப் பேசினாள். என்னிடம் மட்டும் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு நானே கூப்பிட்டேன்.

"எத்தன பேர் தேறும்?" என்றேன்.

"எம்பத்தெட்டு வரைக்கும் வந்திருக்குடி. இன்னும் மூணு."

"என்னக் கேக்கவே இல்லயே?"

அவள் சிரித்தாள். "உன்ன எதுக்குடி கேக்கணும்? உன் ஓட்டு என் கோட்டுப் பையில கெடக்கு. அத எண்ணிப் பாக்கக்கூட வேணாம்."

பிரியமாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும் காதில் சுடுதண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. என் செனட் இடம், என் அப்பாவின் தொப்பி, இப்போது என் ஓட்டு. எல்லாம் அவள் பையில்.

ஜனவரி முதல் வாரம், தலைநகர் மான்ட்பிலியர். மண்டபம் நிறைந்திருந்தது. செனட்டர்களுக்கு நாற்காலி போதாமல் சுவரோரம் போட்டிருந்தார்கள். சீட்டு எண்ண ஐந்து பேரைத் தலைவர் அறிவித்தார். அதில் எல்வின் ப்ரூக் ஒருவர், நான் ஒருத்தி. எல்வின் ரோவெல் கட்சிக்காரர், செம்மறி ஆடு வளர்ப்பவர், விவசாயக் குழுவின் தலைவர். அந்தக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பைப் பதினாலு வருடமாகக் கையால் எழுதிவருபவள் நான்.

சீட்டு என் மேஜைக்கு வந்தது. உள்ளங்கை அளவு வெள்ளைத்தாள். பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் மறைப்பதுபோல இடதுகையை வளைத்து வைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவிட்டார். பின்னால் இருந்தவரும் மடித்துவிட்டார். அப்போதுகூட மார்னி பெயரைத்தான் எழுதுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேனா தாளைத் தொட்டதும் 'ரோவெல்' என்று எழுதியது. பேனா மேல் பழி போடக்கூடாது. நான் எழுதினேன். எழுதும்போது, அவள் தோற்ற பிறகு அவளைத் தேற்றுவதற்கு நான் என்ன சமைத்து எடுத்துப்போவேன் என்றுகூட யோசித்தேன். வெங்காய சூப்பும் ரொட்டியும். அவள் என் தோளில் அழுவாள். அந்தக் காட்சி அவ்வளவு இனித்தது.

பக்கத்து அறையில் எண்ணினோம். எல்வின் பிரிப்பார், பெயரை வாசிப்பார், நான் கோடு போடுவேன், மற்ற மூவரும் சரிபார்ப்பார்கள். ஐம்பதாவதோ அறுபதாவதோ சீட்டைப் பிரித்தவர் ஒரு கணம் வாசிக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. ஆங்கில 'ஆர்' எழுத்தின் காலை வால்போல நீட்டி எழுதுவது என் பழக்கம். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ரோவெல்," என்று வாசித்துச் சீட்டை அந்தக் குவியலில் வைத்தார். நான் கோடு போட்டேன்.

மார்னி தொண்ணூற்றேழு. ரோவெல் எண்பது. பிங்ஹாம் மூன்று.

மண்டபத்தில் அறிவித்தபோது எழுந்த சத்தத்தில் நானும் கைதட்டினேன். பிறகு கீழே சிற்றுண்டிச் சாலைக்கு ஓடிப்போய், ஒரு மூலையில் காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்வின் தட்டில் ஒரு டோனட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க ஆளுக்கு நான் போட்டேன். எங்க ஆளுக்கு நீ போட்ட. சரியாப் போச்சு," என்றார்.

"எல்வின், அது..."

"பதினாலு வருஷமா உன் எழுத்தப் படிச்சுத்தாம்மா என் கண்ணே போச்சு. மழுப்பாத."

நான் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டேன். "நீங்க ஏன் அவளுக்குப் போட்டீங்க? ரோவெல் உங்க பெரியம்மா மகனாச்சே?"

"ஆமா. அவன்கிட்ட நானே சொல்லிடுவேன், அவன் பொண்டாட்டி இனிமே என்ன வீட்டுக்குள்ள விடமாட்டா. அவ சமையலுக்கு அது நஷ்டமில்ல." டோனட்டைக் கடித்தார். "ஜனங்க அந்தப் பொண்ணுக்குத்தான் அதிகமாப் போட்டாங்க. என் கண்ணால பாத்தேன், எங்க ஊர்லயே. அப்புறம் நான் வேற என்னத்த எழுதறது?" கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "உன் சங்கதி எனக்குப் புரியல. சொல்லவும் வேணாம். யார்கிட்டயும் நானும் சொல்லப்போறதில்ல," என்று எழுந்துபோனார்.

மறுநாள் பதவியேற்பு. மார்னி நீலக் கோட்டு போட்டிருந்தாள். உரையில் பால் விவசாயம் வந்தது. அந்த மாடு வந்தது. அந்தத் தொப்பி வந்தது. இந்த முறை அவள் அதோடு நிறுத்தவில்லை.

"அக்டோபர்ல இந்தக் கதைய நான் சொன்னப்ப யாரோடதுன்னு சொல்லாம விட்டுட்டேன். அது தப்பு. அந்த விவசாயி பேரு அர்மான் கான்யோன். அவர் மக இந்தச் சபையிலதான் இருக்கா. ஒடெட், எழுந்திரு. இவ இல்லாட்டி நான் இங்க இல்ல."

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. எழுந்து நின்றேன். முதன்முறையாக அந்தச் சபை எனக்காகக் கைதட்டியது. அப்பாவின் பெயரை அங்கே ஒருவர் உரக்கச் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வரிசையில் எல்வின் மட்டும் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்டோபரிலிருந்து நான் ஏங்கிய ஒன்று கையில் வந்து விழுந்தபோது, அதை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை. இதில் இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த நிலைமையிலும், 'இதைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் பார்' என்று மனதின் ஒரு மூலையில் எரிந்தது.

பத்து நாள் தாங்கினேன். பிறகு அவள் அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன்.

"நான் உனக்குப் போடல. ரோவெலுக்குப் போட்டேன்."

அவள் படித்துக்கொண்டிருந்த கோப்பை மூடினாள். "என்னடி உளர்ற?"

"நெஜமாத்தான்."

"பிங்ஹாமுக்குக்கூட இல்ல. ரோவெலுக்கு?"

"ஆமா."

"ஏன்?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த காரணங்கள் இருந்தன. அந்தத் தொப்பி, அந்த செனட் இடம். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. "பொறாமதான்," என்றேன்.

"அது எனக்குத் தெரியும்," என்றாள் சட்டென்று. "பத்து வருஷமாத் தெரியும். நான் ஜெயிச்ச ஒவ்வொரு தடவையும் உன் மொகத்தப் பாத்திருக்கேன். எல்லாரும் நிறுத்தின பெறகு ஒரு தட்டு தட்டுவியே, அதையும் கேட்டிருக்கேன். வயிறு எரிஞ்சும் எனக்காகப் பனியில போய்ப் பலக நட்டியேடி. அதனாலதான் உன் ஓட்ட எண்ணவே வேணாம்னேன்."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் எழுந்து வரவில்லை.

"பொறாமப்பட்டதுக்கு எனக்குக் கோவமில்ல. என்ன, மூணு ஓட்டு இல்லாம நான் ராத்திரி பகலா அலைஞ்சப்ப நீ பாத்துக்கிட்டே இருந்திருக்க பாரு, அத என்னால முழுங்க முடியல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஏன் வந்து சொன்ன? தெரியாமயே இருந்திருப்பேனே."

"நீ அப்பா பேரச் சொல்லிட்ட."

"சரி. போ, ஒடெட். கமிட்டி இருக்குமே உனக்கு."

அதன் பிறகு அவள் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. ஏப்ரலில் எங்கள் குழுவின் பால் மசோதாவில் கையெழுத்திட்டபோது, வழக்கப்படி எல்லாரோடும் சேர்த்து எனக்கும் ஒரு நினைவுப் பேனா கொடுத்தாள். "நன்றிங்க, மிஸ் கான்யோன்," என்றாள். நான் "நன்றிங்க, கவர்னர்," என்றேன். பக்கத்தில் எல்வின் இருமினார்.

இரண்டு வருடம் கழித்து அடுத்த தேர்தல். பிரசாரத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போய் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம் வாங்கிக்கொண்டு மலைச்சாலை வீடுகளுக்குக் கிளம்பினேன். அங்கே புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கதவைத் திறந்தாள். கையெல்லாம் மாவு.

"கவர்னரம்மாவ உங்களுக்கு நேர்ல தெரியுமா?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து."

"ஆளு எப்படி? நெஜத்தச் சொல்லுங்க."

"நல்லா செய்யறா," என்றேன். சொல்லும்போது பழைய இடத்தில் சுருக்கென்றது. "நான் இருந்தா இவ்வளவு செஞ்சிருக்க மாட்டேன்."

அந்தப் பெண் காகிதத்தை மாவுக் கையால் வாங்கிக்கொண்டாள். மார்னி ஐம்பத்துநான்கு சதவீதம் வாங்கி ஜெயித்தாள். சபைக்கு அந்த ஜனவரியில் எழுதவும் எண்ணவும் ஒன்றுமில்லாமல் போயிற்று.