மாலை போட்ட சம்மந்தியும் முந்திரி பிஸ்கட்டும்

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் சூரமங்கலத்தில் சும்மா உட்காராமல் பிஸ்கட் சுடப் பழகினால் என்ன ஆகும்? நான் ஓவனைப் போட்டால் ஜங்ஷனில் நிற்கிற கோயம்புத்தூர் வண்டி வாசனையில் கிறங்கிக் கிளம்பவே மறந்துவிடும். சந்தேகம் இருந்தால் என் மனைவி கண்ணாத்தாளைக் கேளுங்கள். பொய் என்றுதான் சொல்வாள்.

இந்த மார்கழியில் பக்கத்து வீட்டு டீச்சரம்மா கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்தார். முந்திரி, பாதாம், பேரீச்சை, ஆரஞ்சுச் சாற்றில் ஊறி யானைக்குட்டி போல் உப்பிய உலர்திராட்சை, ராசிபுரம் நெய், அப்புறம் முட்டை. முட்டைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. மகள் தனப்பிரியாவின் மாமனார் மருதாசலம் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். தட்டுத் தட்டாக அனுப்பிவைப்பார். நாங்கள் ரசத்தில் மட்டும்தான் முட்டை போடுவதில்லை.

முட்டைகளை உடைத்து, அடித்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, பட்டர் பேப்பர் வாங்கக் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தால் கண்ணாத்தாள் மாவைப் பிசைந்து உருட்டியே வைத்திருந்தாள். சுட்டு, ஆற வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், கூடத்தில் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக மருதாசலம்! மறுநாள் சபரிமலைக்குக் கிளம்புகிறவர், சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார். அவர் மடியில் என் பிஸ்கட் தட்டு.

எனக்கு உயிர் ஒரு முறை போய்விட்டுத் திரும்பியது. இது அவருக்குப் பதினெட்டாவது மலை. தென்னங்கன்று சுமந்து போகிற குருசாமி. வெறுந்தரையில் படுத்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, ஒரு மண்டலமாகக் காத்த விரதம். அதை அவர் பண்ணை முட்டையே, அதுவும் சம்மந்தி வீட்டில் வைத்தே கெடுத்துவிட்டால்? என் மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்?

“வாங்க சாமி. எத்தனை… சாப்பிட்டீங்க?”

“மூணுதானுங்க. ஏன் சாமி, எண்ணிட்டா இருக்கறீங்க?” என்று சிரித்தபடி நான்காவதை எடுத்தார்.

பேசாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் ஒன்றும் தெரியாத மனுஷனை அப்படியே மலையேற விட மனசு வரவில்லை. எனக்குக் கொட்டிய வேர்வையை வாய்க்காலில் விட்டிருந்தால் இரண்டு போகம் விளைந்திருக்கும்.

“அதைக் கீழ வெய்யுங்க சாமி. அதுல முட்டை இருக்குதுங்க.”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. “சாமியே!” என்றார். 

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள் கண்ணாத்தாள்.

“ஏனுங்க, எந்த ஊரு முட்டை? நீங்க கடைக்குப் போனப்பவே பிரியா போன் பண்ணுச்சு, மாமனார் வாராங்கன்னு. உங்க முட்டையைக் கிண்ணத்தோட டீச்சரம்மா ஊட்டுல குடுத்துட்டு, கையக் கழுவிட்டு, தயிர் ஊத்தித்தான் பிசைஞ்சேன்.”

“அதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னனே! நீங்க ஓவன் முன்னால குந்திட்டு அதுகூடப் பேசிட்டிருந்தீங்க.”

மருதாசலம் ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், சுவரில் காலண்டர் ஆணியோடு ஆடியது. நான் விட்ட மூச்சு ஏற்காடு வரை போயிருக்கும்.

“அப்ப இன்னும் ரெண்டு எடுத்துக்கலாமுங்களா சாமி?”

“தட்டோட எடுத்துக்குங்க சாமி!”

எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். முட்டை போட்டுச் சுடுவதைவிட இது நன்றாகவே இருந்தது. பிசைந்தவளிடம் அதைச் சொல்லாமல் அடுத்ததை எடுத்தேன்.