ஏழாம் தாள்

மலர்வளையம் வாசலில் நுழையவில்லை. இரண்டு பேர் அதை நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் பக்கவாட்டில் திருப்பி இழுத்தபோது தாழ்ப்பாளில் சிக்கி ஒரு கைப்பிடிப் பூ உதிர்ந்தது. ஆளுயரத்துக்கு வெள்ளைப் பூவில் செய்த நுரைக்குட்டி. பந்து உடம்பு, தலையில் நீலக் குளியல் தொப்பி, கம்பியில் பூச்சுற்றிய இரண்டு கால்கள். சோப்புக் கம்பெனி அனுப்பியிருந்தது.

"அப்பா தலைமாட்டுல வைங்க," என்றான் அண்ணன்.

"அங்க வேண்டாம்," என்றாள் அவள்.

"பின்ன எங்க வைக்கிறது, என் தலையிலயா?"

அவள் சமையலறைக்குப் போனாள். அங்கே செய்ய ஒன்றும் இல்லை. ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி ஹாலுக்கு வந்தாள். விடிகாலையில் அப்பா தூக்கத்திலேயே போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறாள். உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. அழுகையும் வந்து தொலைக்க மாட்டேன் என்கிறது.

வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூப்பொம்மையைத்தான் நின்று பார்த்தார்கள். "நுரைக்குட்டியை வரைஞ்சவர் இவர்தானா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். முப்பது வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறவர்.

அப்பாவுக்கு அது புதிதல்ல. அவரை யாருக்கும் தெரியாது, நுரைக்குட்டியைத் தெரியாதவர் கிடையாது. முதலில் கறுப்பு வெள்ளையில், டிவி செய்திக்கு முன்னால் முப்பது விநாடி விளம்பரமாக வந்தது. பிறகு வண்ணத்தில் வந்தது, தொப்பி நீலமானது. பக்கத்தில் ஒரு வாத்து சேர்ந்தது, விற்பனை குறைந்ததும் வாத்தைத் தூக்கினார்கள். எத்தனை மாறினாலும் நடை மட்டும் மாறவில்லை. இடது கால் சாதாரணமாக ஊன்றும். வலது கால் ஒரு கணம் காற்றில் தொங்கி, அப்புறம் பொத்தென்று விழும். அந்த நடையைப் பார்த்துச் சிரித்த வீடெல்லாம் அந்த சோப்பை வாங்கியது.

கம்பெனியிலிருந்து வந்த பெண் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். "மேடம், நாளைக்கு அஞ்சலி போடறோம். அந்த நடை எப்படி வந்துச்சுன்னு ரெண்டு வரி சொன்னீங்கன்னா நல்லா இருக்கும். சார் எந்தப் பேட்டியிலயும் சொன்னதே இல்லை."

"எனக்கும் சொன்னதில்லை."

"வண்டி கிளம்பறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

யோசிக்க என்ன இருக்கிறது? நாற்பது வருஷமாக அவள் வேறு எதையும் யோசித்ததில்லை. ஆறு வயதில் மாடிப்படியில் உருண்டாள். தொடையெலும்பு கூடும்போது ஒரு விரற்கடை குட்டையாகக் கூடிவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்து அவள் பள்ளிக்குப் போன மாதம் நுரைக்குட்டி டிவியில் வந்தது. மறுநாள் வகுப்பே அவள் பின்னால் வரிசைகட்டி, வலது காலைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு நடந்தது. பள்ளி முடியும்வரை அவள் பெயர் நுரைக்குட்டி.

'அப்பா, அது என் நடையா?' ஐந்து வார்த்தைகூட இல்லை. கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பதினெட்டு வயதில் விடுதிக்குப் போனாள். அதன்பிறகு அவரிடம் பேசியதெல்லாம் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். என்றாவது கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டது இன்று காலையோடு முடிந்தது.

இரண்டு மணிக்குக் கேமராக்காரர் வந்தார். அப்பா வரைந்த படங்களையெல்லாம் பிலிமில் எடுத்தவர். அவளைக் கடைசியாகப் பார்த்தது மாவுக்கட்டோடு. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நடை நடைன்னு எல்லாரும் உங்கப்பனைக் கொண்டாடறாங்க," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அது என் தப்பும்மா. வெளியில சொல்லாதே."

"என்ன மாமா சொல்றீங்க?"

"ஒரு நடைக்குப் பன்னெண்டு படம். ஒவ்வொண்ணும் ஒரு பிளாஸ்டிக் தாள்ல தீட்டி இருக்கும். அதை வரிசையா வெச்சு எடுக்கணும். எடுக்க உக்காந்தா ஏழாம் தாளைக் காணோம். வலது கால் தரையில ஊன்றுற படம். எங்கெங்கயோ தேடினேன். மறுநாள் காலையில பிலிம் போயாகணும். என்ன பண்றது? ஏழுக்குப் பதிலா ஆறையே இன்னொரு தடவை எடுத்துட்டேன். கால் தொங்கிடுச்சு. கம்பெனிக்காரன் விழுந்து விழுந்து சிரிச்சான், இதையே வெச்சுக்கோன்னுட்டான். உங்கப்பன் என்னை ஒரு வார்த்தை திட்டல. மகராசன்."

அப்படியானால் அப்பா அவளை எடுத்து டிவியில் போடவில்லை. ஒரு தாள் தொலைந்தது, அவ்வளவுதான். அதற்கா இத்தனை வருஷம் முகம் திருப்பினாள்? வெட்கமாக இருந்தது. பெட்டியைத் திறந்து அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"அப்பாவோட அடையாள அட்டை எங்க இருக்கு?" என்று அண்ணன் உள்ளே வந்தான். "வண்டிக்காரங்க போன்ல கேக்கறாங்க. பீரோவுல பாரேன்."

அவள் பீரோவின் கீழ்த்தட்டை வாரிக் கட்டிலில் கொட்டினாள். ரசீதுகள், பழைய கண்ணாடிகள், மருந்துச் சீட்டுகள். அடையாள அட்டை ஒரு டைரிக்குள் அகப்பட்டது. அதற்கடியில் பழுப்பேறிய எக்ஸ்ரே உறை. 'மகள், வயது ஆறு, வலது தொடை' என்று அப்பாவின் கையெழுத்து. பிரித்தாள். எக்ஸ்ரே பிலிமோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தாளும் வந்தது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். சாம்பல் வண்ணத்தில் நுரைக்குட்டி. வலது காலைத் தரையில் அழுத்தமாக, நேராக ஊன்றியிருந்தது. மூலையில் பென்சிலில் அதே கையெழுத்து: 'ஏழு. சேர்க்க வேண்டாம்.'

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள். கோபம் போன வேகத்திலேயே திரும்பி வந்தது. ஊரே சிரிக்கட்டும் என்றுதானே அப்பா, எடுத்து ஒளித்தாய்? பாவம் அந்த மனுஷன் தலையிலும் பழியைப் போட்டாய்.

அட்டையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, தாளைக் கொண்டுபோய்க் கேமராக்காரரின் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டி மூலையைப் படித்தார். மறுபடி படித்தார்.

"அடப்பாவி," என்றார் பெட்டியைப் பார்த்து. "நாப்பது வருஷம்டா! என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாம புழுங்கினேன்." திட்டும்போதே சிரித்தார். "அவனே இப்படிப் போட்டேன்னு சொல்லியிருந்தா, நேரா நடக்க வைன்னு கம்பெனிக்காரன் சொல்லியிருப்பான். தொலைஞ்சுபோச்சுன்னா யாரு என்ன பண்ண முடியும்? ஆனா எதுக்குடா?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஏன் அப்படிக் குதிச்சான்னு இப்பப் புரியுது," என்றார். "கம்ப்யூட்டர்ல புதுசா பண்ணாங்க பாரு, ரெண்டு வருஷம் முன்னாடி. காலைச் சரிபண்ணி நேரா நடக்க விட்டாங்க. அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன். உங்கப்பன் டிவி முன்னாடி எழுந்து நின்னு கத்தினான். 'நல்லாத்தானே நடந்துச்சு, எவன்டா உங்களைத் திருத்தச் சொன்னான்'னு. அன்னிக்குச் சோறு தின்னலை. ஒரு பொம்மைக்காடா இவ்வளவுன்னு கேட்டேன். எழுந்து உள்ளே போயிட்டான்."

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. ஹாலைக் குறுக்காகக் கடந்து மலர்வளையத்திடம் போனாள். இடது கால், வலது கால். கேமராக்காரர் பேச்சை நிறுத்தியது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் கண் அவள் முகத்தில் இல்லை, காலில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வண்டி வந்து நின்றது. அண்ணன் ஆட்களைக் கூப்பிட்டான். அவள் குனிந்து, பூப்பொம்மையின் வலது காலைப் பிடித்தாள். கம்பி முரண்டு பிடித்தது. முட்டி இருக்கவேண்டிய இடத்தில் அழுத்தி, பாதத்தைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிவிட்டாள்.

"ஐயோ, கோணிப்போச்சா?" கம்பெனிப் பெண் ஓடிவந்தாள். "இருங்க மேடம், நான் நேராக்கிடறேன்."

"விடும்மா," என்றார் கேமராக்காரர் நாற்காலியிலிருந்தே. "நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். தரையில் உதிர்ந்திருந்த பூக்களை மிதிக்காமல், ஆட்கள் பெட்டியைத் தூக்க வந்தார்கள்.