ஒரே பலகையில் ஹத்தாவும் இஸ்ஸாவும்

முஹாவின் முதல் மனைவி ஹத்தா. அவளைத் தலாக் சொல்லி அனுப்பிவிட்டு அவன் கட்டிக்கொண்டவள் இஸ்ஸா. ஆறு வருஷமாக இந்தப் பெண்கள் இருவருக்கும் பேச்சில்லை. எங்கள் அட்லஸ் மலை ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் நெசவுக்கூடத்தில் ஹத்தா ஒரு மூலை, இஸ்ஸா எதிர்மூலை. நடுவில் நாங்கள் பதினான்கு பேர்.

அந்தக் குளிர்காலத்தில் மடத்துச் சிற்றாலயத்துக்கு அகலமான கம்பளம் ஒன்று வேண்டியிருந்தது. தறி முன்னால் ஒரே பலகையில் இருவர் சேர்ந்து உட்கார வேண்டும். கூடத்தைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் ஒதீல் யோசிக்கவே இல்லை.

"ஹத்தா, இஸ்ஸா. உங்க ரெண்டு பேர் முடிச்சுதான் ஒண்ணுபோல விழுது."

"இவளோடயா? அதுக்கு என்னைக் கிணத்துல தள்ளிவிடுங்க சிஸ்டர்!" என்றாள் ஹத்தா.

"பேசவா சொன்னேன்? நெய்யத்தானே சொன்னேன்."

உட்கார்ந்தார்கள். இடையில் ஒரு முழம் இடைவெளி. தூது போனது துதாவாகிய நான்.

"துதா, அந்தப் பக்கத்து ஆள்கிட்ட நூலை ரொம்ப இறுக்க வேணாம்னு சொல்லு" என்பாள் ஹத்தா.

"துதா, எனக்குக் காது கேக்கும்னு சொல்லு."

மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு மத்தியானம் முஹா வாசலில் வந்து நின்று கத்தினான்.

"என் பொண்டாட்டியை அனுப்புங்க! வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க!"

சிஸ்டர் ஒதீல் வெள்ளந்தியாகக் கேட்டார்: "எந்தப் பொண்டாட்டி?"

கூடமே சிரித்தது. இஸ்ஸா முகம் சிவந்து எழப் போனாள். ஹத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தாள்:

"டீ ஊத்த உனக்குக் கை இல்லையா? போய் ஊத்து. வரிசையைப் பாதியில விட்டுட்டு அவ வரமாட்டா."

முஹா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான். இஸ்ஸா மெல்ல உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வாயைத் திறந்தாள்.

"அக்கா, உங்க காலத்துலயும் இப்படித்தானா?"

"அப்போ இன்னும் சத்தமா."

"குறட்டை?"

"ஐயோ, அதை ஏன் கேக்குற!"

சிரித்த சிரிப்பில் நூலை அடித்து இறுக்கும் இரும்புச் சீப்பு கீழே விழுந்தது. ஹத்தா முக்காட்டு நுனியால் வெகுநேரம் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு முழத்தை இஸ்ஸா நகர்ந்து உட்கார்ந்து இல்லாமல் ஆக்கினாள்.

என் தூது வேலை அன்றோடு போயிற்று.

ஈஸ்டருக்கு முந்தின நாள் கம்பளத்தைத் தோளில் சுமந்துபோய்ச் சிற்றாலயத்தில் விரித்தோம். சிஸ்டர்கள் சுற்றி நின்று வாய்பிளந்து பார்த்தார்கள். ஹத்தாவும் இஸ்ஸாவும் மண்டியிட்டுக் குஞ்சத்தை நீவிவிட்டார்கள்.

"உன் பக்கம் ஒரு விரல் சாய்ஞ்சிருக்குடி."

"உங்க கண்ணுதான் சாய்ஞ்சிருக்கு, அக்கா."