மூளையில்லாத கார்டு

ஆகஸ்ட் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, பாலங்களைப் படமெடுத்துச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தின் இரண்டாவது மாடியில் பேக்கப் சர்வர் நின்றுபோனது. அதிலிருந்த இருபத்து நான்கு டிஸ்க்குகளும் நல்ல நிலையில் இருந்தன.

கெட்டுப்போனது டிஸ்க்குகளுக்கும் கணினிக்கும் நடுவே செருகியிருந்த, உள்ளங்கை அகலமுள்ள கன்ட்ரோலர் கார்டு. ஒரு படத்தை எத்தனை துண்டாக்கி எந்தெந்த டிஸ்க்கில் வைப்பது என்று தீர்மானிப்பது அதன் வேலை. ஆறு வருடங்களாக யாரையும் கேட்காமல் அது தீர்மானித்து வந்தது. இப்போது துண்டுகள் எல்லாம் இருந்தன. சேர்க்கத் தெரிந்தது போய்விட்டது. அந்த மாடலைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்பவளை அலுவலகத்தில் எல்லோரும் 'சர்வர்' என்றே கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு தடவையாவது "சர்வர், ரெண்டு காபி" என்பார்கள். அவள் அதற்குச் சிரிப்பதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று.

கார்டு போன விஷயம் தெரிந்து அவள் வந்து சேர்வதற்குள் மேனேஜர் ஒரு உதவி செய்திருந்தார். சர்வரிலிருந்து டிஸ்க்குகள் ஒவ்வொன்றையும் உருவி, தூசு துடைத்து, தன் அறை இரும்பு அலமாரியில் அடுக்கிவைத்துப் பூட்டியிருந்தார்.

"பத்திரமா எடுத்து வெச்சுட்டேன்மா. சாவி என்கிட்டதான் இருக்கு."

"எது எந்த இடத்துல இருந்துச்சுன்னு குறிச்சு வெச்சீங்களா சார்?"

"எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு."

அவள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். மேல் வரிசையில் இருந்த பன்னிரண்டும் பழையவை, கொள்ளளவில் சிறியவை. பழைய படங்கள் அவற்றில்தான். பெரியவற்றிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க முடிந்தது. அவற்றுக்குள் எது முதல், எது கடைசி என்று சொல்ல முடியவில்லை. ஒரு சின்ன ஸ்க்ரூவை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே நின்றாள். கை சும்மா இருக்காது அவளுக்கு. மனசு சரியில்லாதபோது இன்னும் இருக்காது.

பேக்கப் என்று பெயர்தானே தவிர, பழைய படங்களுக்கு அந்தச் சர்வர்தான் ஒரே வீடு. முதன்மைச் சர்வரில் இடம் போதாமல் ஒவ்வொரு வருடமும் பழையவற்றை பேக்கப்பில் தள்ளிவிட்டு முதன்மையில் அழித்துவந்தார்கள். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

மத்தியானம் பாலப் பரிசோதகர் வந்தார். ஐம்பது தாண்டியவர். பார்க்கும் சுவரில் எல்லாம் வெடிப்புத் தேடுவார் என்பதால் அவருக்கு 'விரிசல்' என்று பெயர். அவர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

"ஏம்மா, எனக்கு ஒரே ஒரு படம் வேணும். ஆத்துப் பாலம், நாலாம் தூண், ஆறு வருஷத்துக்கு முந்தினது."

"அந்த ஒண்ணும் அங்கதான் சார் இருக்கு."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரிப்பேருக்காக அந்தப் பாலத்தில் லாரிகள் போவதை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் திரும்ப விடுவதாக இருந்தது. நாலாம் தூணில் மேலிருந்து இறங்கும் விரிசல் ஒன்று இப்போது இரண்டாவது போல்ட்டைத் தாண்டி நிற்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் அது போல்ட்டுக்கு மேலேயே நின்றிருந்தது என்றார் அவர். அப்படியானால் விரிசல் வளர்கிறது. லாரிகளை விடக் கூடாது.

"நெடுஞ்சாலைத் துறைக்காரங்க என்ன கேக்கறாங்க தெரியுமா? 'உங்க ஞாபகத்தையா ரிப்போர்ட்ல ஒட்டறது'ன்னு. நான் ஏணியில ஏறி விரலால தடவிப் பாத்த விரிசல்மா அது."

மேனேஜர் வாசலில் வந்து நின்றார். "அதே கம்பெனி புது கார்டை வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சுது. இதுல யோசிக்க என்ன இருக்கு? உங்க அத்தானே சப்ளை பண்ணினதுதானே?"

பழைய கார்டை விற்றவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர்தான். கணினிச் சாமான் கடை வைத்திருப்பவர். புதன்கிழமை காலை, வெள்ளிப் பளபளப்பு உறையில் புதிய கார்டோடு அவரே வந்துவிட்டார். உறையை உரித்து மேஜையில் வைத்தபோது ஏதோ நகை காட்டுகிற மாதிரி ஒரு முகம்.

"அதே குடும்பம், அடுத்த தலைமுறை. தானா கண்டுபிடிச்சுக்கும். டிஸ்க் எந்த ஆர்டர்ல இருந்தாலும் கவலையில்ல, ஒவ்வொண்ணுலயும் கார்டோட குறிப்பு இருக்கும். போடு, ஆன் பண்ணு, ஒரு பட்டனை அழுத்து."

"எந்தப் பட்டன் அத்தான்?"

"ஸ்கிரீன்ல ரெண்டு வரும். ஏத்துக்கவா, அழிக்கவான்னு கேக்கும். ஏத்துக்கோன்னு அழுத்தணும்."

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயா வரும்?"

"உனக்குப் படிக்கத் தெரியாதா என்ன?"

அவள் எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள். பன்னிரண்டு டிஸ்க்குகளையும் முதலில் நகலெடுத்துவிட்டுச் செய்தால் பயமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் நகல் முடியாது, அத்தனை இடமும் இல்லை. எந்தக் கார்டைச் செருகினாலும் அது நேரே மூலத்தின் மேல்தான் கை வைக்கும். அது தப்பாக ஏதாவது எழுதினால், அழிந்ததைத் திருப்பிக் கொண்டுவர இன்னொரு படம் எங்கும் இல்லை.

"முதல்ல வேற டிஸ்க்குல பாத்துடலாம் அத்தான்."

அவளிடம் மூன்று சின்ன டிஸ்க்குகள் இருந்தன. எப்போதோ சோதனைக்காக அதே பழைய மாடல் கார்டில் கட்டிப் பிறகு கழற்றி வைத்தவை. அவற்றை ஒரு முழு நகல் எடுத்துவைத்துவிட்டு, அத்தானின் கார்டோடு இணைத்தாள். கணினியை ஆன் செய்தார்கள். ஸ்கிரீனில் இரண்டு கேள்விகளும் வந்து நின்றன. அத்தான் சொன்னது சரிதான், டிஸ்க்குகளை அது கண்டுகொண்டது. அவர் மவுஸை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடாதீங்க அத்தான்."

அவள் டிஸ்க்குகளின் முகப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றும் ஒன்றாகக் கண் சிமிட்டி ஓய்ந்தன. கணினியை அணைத்துவிட்டு, டிஸ்க்குகளைக் கழற்றி, முன்பு எடுத்த நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒப்பிட்டு முடியும் வரை அத்தான் காபி குடித்தார். அவளுடைய காபி ஆடை படிந்து ஆறியது. மூன்று டிஸ்க்கிலும் கடைசிப் பகுதியில் சில வரிகள் மாறியிருந்தன.

"எழுதியிருக்கு."

"நாம ஒண்ணுமே அழுத்தலையே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அத்தான் எட்டிப் பார்த்தார். "அட, இது அதோட கையெழுத்துப் பகுதி. டிஸ்க்கைப் பாத்த நேரத்தைக் குறிச்சு வெச்சிருக்கு, அவ்வளவுதான். படத்துல எல்லாம் கை வைக்காது."

"கேக்காம எழுதுச்சே அத்தான்."

"கேட்டு எழுத இது என்ன பத்திர ஆபீஸா?"

"குறிப்பை இது ஒரு தினுசுல படிச்சு, பழைய கார்டு வேற தினுசுல எழுதியிருந்தா? படத்தைச் சரிபார்க்கறேன்னு உள்ள போய்த் திருத்த ஆரம்பிச்சா, நடுவுல நிறுத்தச் சொல்ல முடியுமா?"

அவர் கார்டை உறைக்குள் போட்டார். நாற்பது இடத்துல இது ஓடுது, யாரும் இப்படிப் பேசினதில்ல என்று படியிறங்கும்போது யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன்.

"என்னடி பண்ணின? மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கொண்டாந்ததை வாங்கிக்க வேண்டியதுதானே?"

"வாங்கிக்கலாம்க்கா. போன படம் திரும்ப வராதே."

"சின்ன வயசுல ஜன்னல் கொக்கி போட்டேனான்னு பாக்க ராத்திரியில நாலு தடவை எந்திரிப்ப. இன்னும் அப்படியேதான் இருக்க."

"கொக்கி ஒரு தடவை கழண்டுதானே கிடந்துச்சு."

"அந்த ஒரு தடவையை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக்கிட்டிருப்ப?"

சாயங்காலம் அவளே கடைக்குப் போனாள். அத்தான் கல்லாவிலிருந்து நிமிரவில்லை. கழிவு டப்பாவுக்கு மேல் இருந்த இழுப்பறையை அவள் சுட்டிக் காட்டினாள். அதில் கிடந்தவை வெறும் கார்டுகள். டிஸ்க்குகளைக் கணினிக்கு அப்படியே தள்ளிவிடுமே தவிர, அவையாக எதையும் துண்டாக்கவும் செய்யாது, சேர்க்கவும் செய்யாது.

"அது மூளையில்லாத கார்டு. உன்னோட இருபத்து நாலு டிஸ்க்குக்கு அதையா போடப்போற? சொன்னா சிரிப்பாங்க."

"எனக்கு இப்ப மூளையில்லாததுதான் அத்தான் வேணும்."

"எடுத்துக்கோ. சூடாகும், பாத்துக்கோ." பிறகு, அவள் வாசலுக்குப் போனதும், "ஃபேன் வெச்சு ஓட்டு" என்றார்.

வியாழக்கிழமை காலை பன்னிரண்டு டிஸ்க்குகளையும் அந்தக் கார்டில் கோத்தாள். எதையும் எழுதவே முடியாதபடி கணினியில் பூட்டுப் போட்டு, அந்தப் பூட்டையும் சின்ன டிஸ்க்குகளில் சோதித்துப் பார்த்து, பிறகுதான் மின்சாரம் கொடுத்தாள். கார்டு தொட்டால் சுட்டது. மேஜை விசிறியைத் தரையில் வைத்து அதன் பக்கம் திருப்பினாள். விசிறியின் கழுத்து ஆடியபடியே இருந்ததால் அதற்கு அடியில் ஒரு பழைய ரிப்போர்ட்டை மடித்து வைத்தாள்.

கணினிக்குப் பன்னிரண்டு டிஸ்க்குகளும் தெரிந்தன. அவற்றில் இருந்தவை படங்களின் துண்டுகள், பட்டை பட்டையாக. எது எதற்கு அடுத்தது என்று சொல்ல ஆள் இல்லை. நிறுவனத்தில் தூண் படங்களைச் சுருக்காமல் சேமிப்பது வழக்கம். அந்த ஒரு வழக்கம் இப்போது உதவியது: தனித்தனிப் பட்டையாக இருந்தாலும் கண்ணுக்குப் படமாகவே தெரியும். ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் பால எண்ணும் தூண் எண்ணும் தேதியும் எழுத்தாக இருக்கும். அவற்றைத் தேடி, ஆற்றுப் பாலம் நாலாம் தூணின் தொடக்கத்தைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதே ஆழத்தில் இருந்த பட்டையை எடுத்துத் திரையில் அடுக்கினாள். பத்து பட்டைகளில் சாம்பல் நிறச் சிமெண்ட். மீதி இரண்டில் வெறும் புள்ளிகள். டிஸ்க் தொலைந்தால் மீட்பதற்காகப் பழைய கார்டு போட்டுவைத்த கணக்கு அது.

பரிசோதகரைக் கூப்பிட்டாள்.

"சார், எனக்கு எல்லாம் சிமெண்டாத்தான் தெரியுது. எது எதுக்குக் கீழன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையிடம் முகத்தைக் கொண்டுபோனார். "இதுல பலகையோட விளிம்பு தெரியுது பாரு, சிமெண்ட் ஊத்தினப்ப பதிஞ்சது. இதுக்குக் கீழ இது. இல்ல, இரு. தண்ணி வழிஞ்ச கறை இங்க வலது பக்கம் சாயுது. இதைத் தூக்கி மேல போடு."

அவர் சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள். சில பட்டைகள் இரண்டு இடத்திலும் பொருந்துவது போலிருந்தன. வெளியே தெருவில் கனமான வண்டி ஏதாவது போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இருவருமே ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் நடுவில் இரண்டு முறை வந்து, "ஜிக்சா ஆடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் சுற்றுப் பட்டைகள் பொருந்தி, டிஸ்க்குகளின் வரிசை தெரிந்ததும் அடுத்தடுத்த சுற்றுகள் தானாக விழுந்தன. படம் மேலிருந்து கீழாக வளர்ந்தது. தூணின் தலை, முதல் போல்ட், அதன் இடப்பக்கத்தில் மயிரிழை போலத் தொடங்கும் விரிசல். விரிசல் இறங்கி வந்தது. இரண்டாவது போல்ட்டின் மேல் விளிம்பு திரையில் தெரிந்தது. விரிசல் அங்கே நிற்கவில்லை. அடுத்த பட்டையில் போல்ட்டைச் சுற்றிக்கொண்டு கீழே போய், இன்றைய படத்தில் முடிகிற அதே குழியருகே முடிந்தது.

அவள் ஸ்க்ரூவை உருட்டுவதை நிறுத்தினாள்.

"வரிசை தப்பா இருந்தா இப்படித் தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

"தெரியலாம் சார். பாத்துடறேன்."

ஒவ்வொரு படத்தோடும் எடுத்த அன்றே போட்டுவைத்த ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் ஒத்துவராது. சேர்த்த படத்துக்கு அந்த எண்ணைக் கணக்கிட்டாள். ஒத்துவந்தது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் கணக்கிட்டாள். மறுபடியும் ஒத்துவந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே விரிசல் எதுவும் இல்லை.

"மூணாம் தூணும் எடுத்துப் பாரேன்."

வரிசை தெரிந்துவிட்டதால் அது உடனே வந்தது. மூன்றாம் தூணில் ஒரு விரிசல் இரண்டாவது போல்ட்டுக்கு மேலே நின்றிருந்தது. இந்த வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே நீளம்.

"பக்கத்துத் தூணை ஞாபகத்துல வெச்சுக்கிட்டு இத்தனை நாளாச் சண்டை போட்டிருக்கேன்" என்றார். "ஏணியெல்லாம் ஞாபகம் இருக்கு. காத்தடிச்சது ஞாபகம் இருக்கு."

"படம் கிடைக்கலைன்னே சொல்லிடலாம்னு தோணுதா சார்?"

"தோணுச்சு." கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டார். "பிரிண்ட் போடு. ரெண்டு தூணையும்."

அவர் போன பிறகும் அவளால் உட்கார முடியவில்லை. கார்டின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள்; சுட்டது. விசிறியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள்.

மாலையில் அத்தானுக்குப் போன் செய்தாள்.

"படம் வந்துடுச்சு அத்தான்."

"என் கார்டு போட்டிருந்தா நேத்தே வந்திருக்கும்."

"வந்திருக்கலாம்."

பின்னால் கடையில் யாரோ கேபிள் நீளம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "புது சர்வருக்கு எது போடப்போற?"

"வெறும் கார்டு. ரெண்டு உள்ள, ஒண்ணு வெளிய ஸ்பேர். துண்டு போடற வேலையைக் கணினியே பாத்துக்கட்டும். கார்டு செத்தா எந்தக் கடையிலயும் வேற ஒண்ணு வாங்கிப் போட்டுக்கலாம்."

"எந்தக் கடையிலயும்னா?"

"உங்க கடையில இருந்தா உங்க கடையில."

"ஃபேன் இருக்கற கேபினட்டாப் பாரு. அதை நான் சொல்லலைன்னா நீ மறந்துடுவ" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பரிசோதகர் ஆறு வருடங்களுக்கு முந்தைய படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாலாம் தூண் விரிசல் வளரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை காலையிலிருந்து ஆற்றுப் பாலத்தில் லாரிகள் ஓடின.

புதிய சர்வர் அடுத்த மாதம் வந்தது. அதில் இரண்டு வெறும் கார்டுகள் இருந்தன. மூன்றாவது, மேனேஜர் அறை இரும்பு அலமாரியில் இருந்தது. அலமாரியின் சாவி அவளிடம் இருந்தது.