அந்தப் பக்கம் தூங்குகிறது

அக்கா லேப்டாப்பை என் மேசைமேல் வைத்தாள். தோளில் மாட்டியிருந்த பையை மட்டும் கழற்றவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவும் இல்லை. எங்கள் ரிப்பேர் கடைக்குக் காலை வேளையில் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. முதலாளியும் உதிரிபாகம் வாங்க வெளியே போயிருந்தார்.

"என்னக்கா கோளாறு?"

"அவர்கிட்ட ஃபேன் சத்தம் போடுதுன்னு சொல்லி எடுத்துட்டு வந்தேன்."

"நிஜமா என்ன கோளாறு?"

"அவர் பக்கம் திறக்க மாட்டேங்குது."

அக்கா வீட்டில் லேப்டாப் ஒன்றுதான், அதற்குள் குடித்தனம் இரண்டு. ஆன் செய்ததும் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்கும். ஒரு பக்கம் விண்டோஸ். அது அத்தானுடையது, பாஸ்வேர்டு போட்டது. இன்னொரு பக்கம் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம், அது அக்காவுக்கு. டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துக் கொடுத்ததே அத்தான்தான். "பாகப்பிரிவினை முடிஞ்சாச்சு, இனிமே வீட்டுல சண்டையே வராது" என்று சொல்லி அன்று எங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தார். உன் பக்கத்திலிருந்து என் ஃபைல்களை நீ எடுத்துப் பார்க்கலாம், ஆனால் என் பக்கத்திலிருந்து உன் பக்கம் எனக்குத் தெரியவே தெரியாது, விண்டோஸுக்கு அந்தப் பாஷை புரியாது என்றும் விளக்கினார். அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. தனக்கென்று அந்த வீட்டில் ஒரு மூலை கிடைத்த சந்தோஷம்.

அத்தானைப் பற்றி எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. அக்கா கடைக்குப் போய் வரக் கொஞ்சம் தாமதமானால் "எங்கம்மா இருக்கே?" என்று அன்பாகத்தான் போன் வரும். அடுத்த கடைக்குள் நுழையும்போதும் வரும். அவளுடைய தோழிகள் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். இரண்டு தடவை அவளுக்கு வேலை கிடைத்தது. சேரப்போகும் நேரத்தில் இரண்டு இடத்திலிருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "என் ராசி அப்படி" என்று அவளே தன்னைத் தேற்றிக்கொள்வாள். எனக்கு அந்த மனுஷர் சிரிப்பதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் அக்காமேல் பொறாமை என்று சொல்வார்கள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அக்காவே விழித்துக்கொண்டாள். வேறு ஊரில் ஒரு வேலை தேடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ரயிலில் குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விடப் போகிறாள். குட்டி அவள் மகள், இரண்டாம் வகுப்பு. வேலை, ரயில் டிக்கெட், வாடகை வீடு எல்லாவற்றையும் தன் பக்கத்திலிருந்துதான் ஏற்பாடு செய்திருந்தாள். என்னைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது. புதுப் பள்ளிக்கூடத்துக்குக் குட்டியின் பிறப்புச் சான்றிதழை இன்றைக்குள் அனுப்பவேண்டும். அசல் அத்தானின் அலுவலக அலமாரியில் இருக்கிறது, நகல் லேப்டாப்பில் அவர் பக்கத்தில்.

"இத்தனை நாளா அந்தப் பக்கம் போய்ப் போட்டோ எல்லாம் எடுத்துட்டுதானே இருந்தே?"

"ஆமாடி. இந்த வாரந்தான் இப்படி."

அவள் பக்கத்தில் நுழைந்து அத்தானின் பகுதியைத் திறந்து பார்த்தேன். முடியாது என்றது. காரணம் பழக்கப்பட்டதுதான். விண்டோஸை முறையாக ஷட்டவுன் செய்யாமல் தூங்கப்போட்டால், திறந்து கிடப்பதையெல்லாம் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கிவிடும். எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அது தூங்கும்போது லினக்ஸ் உள்ளே கைவைக்கத் தயங்கும்.

"அந்தப் பக்கம் தூங்குதுக்கா, வேற ஒண்ணுமில்ல."

"அவர் எப்பவும் ஷட்டவுன் பண்ணிட்டுத்தானே போவாரு" என்றாள்.

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எங்கள் கடையில் தூங்கும் விண்டோஸ் தினமும் ஒன்றாவது வந்து சேரும். அதற்கென்றே இரண்டெழுத்தில் ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கும் பென் டிரைவ் எப்போதும் என் மேசைமேல் கிடக்கும். தூக்கத்தைத் துடைத்துவிட்டுப் பகுதியைத் திற என்று அதற்கு அர்த்தம். பேசிக்கொண்டே அதைச் செருகி, அந்த இரண்டெழுத்தைத் தட்டி என்டரை அழுத்திவிட்டேன். அடுத்த நொடிதான் செய்த தப்பு உறைத்தது. படிக்க மட்டும் என்று திறந்திருந்தால் போதும், தூக்கம் கலையாமல் சான்றிதழை எடுத்திருக்கலாம். இனி அவர் எழுப்பும்போது விட்ட இடம் இருக்காது. யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

"என்னடி முழிக்கிறே?"

"ஒண்ணுமில்லக்கா. சான்றிதழ் இருக்கு பாரு."

இருந்தது. வேறொரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அக்கா அதைக் கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். அதோடு மூடியிருக்கலாம், என் புத்தி சும்மா இருக்குமா? எதைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப்போட்டார் என்று பார்க்க, கடைசியாக மாறிய ஃபைல்களை மேலே வரவழைத்தேன். முதலில் வந்து நின்றது 'பிரிண்டர் டிரைவர்' என்ற ஃபோல்டர். அன்று காலை மாறியிருக்கிறது. அவர்கள் வீட்டில் பிரிண்டரே கிடையாது.

உள்ளே அக்காவின் பக்கம் இருந்தது. மொத்தமும் இருந்தது. அவள் டெஸ்க்டாப், அவள் படங்கள், வேலைக்கு எழுதிய விண்ணப்பம், வாடகை வீட்டுச் சமையலறையைப் பார்த்துப் பார்த்து அவள் சேமித்துவைத்த போட்டோ, ரயில் டிக்கெட். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நகல். பழைய தேதிகளுக்கு இறங்கிப் போனேன். முடிவே வரவில்லை. பாகப்பிரிவினை நடந்த வாரத்திலேயே தொடங்கியிருந்தது.

விண்டோஸுக்கு லினக்ஸின் பாஷை புரியாது என்பது பாதி உண்மைதான். ஒரு சின்ன மென்பொருளைப் போட்டால் எழுத்து விடாமல் படிக்கும். இது எனக்குத் தெரியும், இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அக்கா அதை என்னிடம் கேட்கவில்லை, அத்தானிடம் கேட்டாள். அவர் அவளுக்கு ஒரு அறையைக் காட்டி இங்கே என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள் என்று சொல்லிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு பழைய வேலைகளின் கடிதங்களும் நகல்களில் இருந்தன. அவள் வேலையில் சேரவேண்டிய நாளுக்கு முன்பே எடுத்த நகல்கள்.

"அப்போ அது என் ராசி இல்லையாடி?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்க்கா. இப்பவே ஸ்கூலுக்குப் போய்க் குட்டியைக் கூட்டிட்டுக் கிளம்பு. துணிமணி எல்லாம் நான் அனுப்பி வைக்கிறேன்."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கே, ஏன் ஒண்ணுமே கேக்கல? நேத்துக்கூட என் தலையைத் தடவிக் கொடுத்தாரு."

இந்த வாரம் மட்டும் அவர் ஷட்டவுன் செய்யாததன் காரணம் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது, சான்றிதழ் இவள் கைக்குப் போகக் கூடாது. அவள் கிளம்பும் முன் எவ்வளவு கெட்டுப்போயிற்று என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. தூக்கம் முழுதாகக் கலையாமல் இருந்தாலும் இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. ரீஸ்டார்ட் செய்து அத்தானின் பக்கத்துக்குப் போனேன். புதிதாக எழுந்து நின்றது. பாஸ்வேர்டு கேட்கும் திரையில் மூன்று பேரும் சிரிக்கும் படம். நடுவில் குட்டி, இரண்டு பக்கமும் அவர்கள். மூலையில் வைஃபை குறி பளிச்சென்று வந்து நின்றது. எங்கள் கடை வைஃபை அவருடைய லேப்டாப்புக்கு ஏற்கெனவே பழக்கம். போன தடவை வந்தபோது நான்தான் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தேன்.

சட்டென்று மூடியை அறைந்து சாத்தினேன். அதற்குள் என் போன் அடித்தது.

"டாக்டரம்மா!" என்றார் அத்தான். என்னை அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவார். "பேஷன்ட் எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கு அத்தான். ஃபேன்ல தூசி, அவ்வளவுதான்."

"அப்படியா? ஃபேன்ல தூசி தட்ட என் பக்கம் எதுக்கும்மா ஆன் பண்ணே? அது நெட்டுல ஏறினாலே என் போனுக்கு மெசேஜ் வந்துடும்."

குரலில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினாள், போட்டேன்.

"பரவாயில்ல, லேப்டாப்பை எப்படியும் சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கறேன். அக்கா அங்கதானே இருக்கா? பதறவேணாம்னு சொல்லு. குட்டியை ஸ்கூல்ல இருந்து நானே கூட்டிட்டு வந்துட்டேன். இந்தா, அவ உன்கிட்ட பேசணுமாம்."

சாலை இரைச்சலுக்கு நடுவே குட்டியின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"சித்தி, அம்மாகிட்ட சொல்லக் கூடாது, ரகசியம்! வெள்ளிக்கிழமை அம்மா ரயில்ல போறாங்கல்ல? அப்பாவும் அதே ரயில்ல டிக்கெட் எடுத்திருக்காரு. அம்மாவுக்கு நேர் எதிர் சீட்டு. நாங்க அங்கேயே இருந்துடப் போறோம், அம்மா வேலைக்குப் போற ஊர்லயே!"

போன் கட்டாயிற்று. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போலீஸுக்குப் போகலாம் என்றேன். என்னவென்று சொல்வாய் என்று கேட்டாள். அடித்தாரா, திட்டினாரா, சொந்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தது குற்றமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

காலையிலிருந்து தோளிலேயே தொங்கிய பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதைத் திறந்து பென் டிரைவை உள்ளே போடப்போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீயே வெச்சுக்கடி. நான் கிளம்பறேன்."

"எங்கேக்கா?"

"வீட்டுக்குத்தான். குட்டிக்குப் பசிக்கும்."