விரிசல் நிற்கும் இடம்

பைக்கின் கிக்கர் மேல் அண்ணன் கால் வைத்த அதே நொடியில் நான் பாய்ந்து அந்தக் காலைப் பிடித்தேன்.

“உதைக்காதண்ணே! இறங்கு.”

“கிளம்புற நேரத்துல பத்த வைக்காதடா” என்றான். வெல்டிங் வேலை பார்க்கிறவனைக் கிண்டல் செய்ய எங்கள் வீட்டில் வேறு வசனமே கிடையாது.

“விளையாடலண்ணே. ஹேண்டில் கழுத்துகிட்ட துரு கசியுது.”

பழைய மண்பாதை வண்டிகளுக்கு மட்டுமான மலைச்சரிவுப் போட்டி அது. ஆளுக்கு இரண்டு நிமிட இடைவெளி. பன்னிரண்டாம் எண் இப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சரிவில் மறைந்தது. அண்ணன் பதினேழு. பத்து நிமிடம் இருந்தது. சரிவின் பாதியில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே வண்டி எழும்பித்தான் விழும். விழுகிற அடியை முழுக்க வாங்குவது ஹேண்டில் கழுத்து.

அந்தக் கழுத்திலிருந்து இன்ஜினை நோக்கி இறங்கும் குழாயில், இடது பக்கம், சிவப்பு பெயிண்ட் மேல் தலைமுடி கனத்தில் ஒரு பழுப்புக் கீற்று. காலையில் வண்டியைக் கழுவியபோது இல்லை. கழுவிய தண்ணீர் உள்ளே போய்த் துருவோடு திரும்பி வந்திருக்கிறது. வெறும் பெயிண்ட் கீறல் இப்படி அழாது.

“அண்ணி, மண்ணெண்ணெயும் சாக்பீஸும் கொடுங்க.”

அண்ணி டூல்ஸ் டப்பாவைத் திறந்தார். என்றைக்கும் இல்லாமல் கொஞ்சம் மெதுவாகத் திறந்த மாதிரி இருந்தது.

அண்ணிதான் எங்கள் சோதனை அதிகாரி. தையல் ஆலையில் செக்கிங் பிரிவு. ஆயிரம் சட்டையில் பிரிந்த தையல் ஒன்று இருந்தாலும் விரல் அங்கே போய் நிற்கும். ஒவ்வொரு ரேஸுக்கு முன்பும் சின்னச் சுத்தியலால் ஃபிரேமைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, போல்ட் தலையிலிருந்து ஃபிரேம் வரைக்கும் தன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுவார். கோடு முறிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். “மாப்பிள்ளைக்கு மருதாணி போட்டாச்சு, கிளம்பலாம்” என்பான் அண்ணன். இன்ஜின் போல்ட் தளர்ந்தால் அடி மொத்தமும் கழுத்துக்குப் போய் ஃபிரேம் பிளந்துவிடும் என்பதால்தான் இவ்வளவு பாடு.

அந்தக் கோடுகளைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்றுகூட முறியவில்லை. போல்ட் காரணம் இல்லை என்றால் வேறு யார்? கீற்று ஆரம்பிப்பது போன வருடம் நான் போட்ட வெல்டிங்கின் ஓரத்தில். சூடு அதிகமாகப் போனால் பற்றவைத்த இடம் கல்லு மாதிரி நிற்கும். அதன் கரைதான் பிளக்கும். தொழில் படித்த முதல் மாதமே தெரிந்த விஷயம்.

மண்ணெண்ணெயைத் தடவினேன். ஊறட்டும் என்று காத்திருந்தேன். பதிமூன்று போனது. பதினான்கு போனது. துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்துப் பூசினேன்.

“அண்ணே, ஹேண்டில அமுக்கு.”

அமுக்கினான். வெள்ளைக்குள் ஈரக்கோடு ஒன்று மெல்ல ஊர்ந்து வந்தது. ஒரு விரல் நீளம். அவன் அமுக்கும்போது வாய் திறந்தது, விட்டால் மூடியது.

“ஒரே ஒரு ரவுண்டுடா. தாங்கும்.”

“பள்ளத்துல விழும்போது ஹேண்டில் தனியா உன் கையோட வரும். பரவாயில்லையா?”

தான் வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு ஏழு மாதம் சன்னலோரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அண்ணன். சவரம்கூட அண்ணி சொன்னால்தான். காயலான் கடையில் இந்த வண்டியின் எலும்புக்கூட்டைப் பார்த்த அன்றுதான் எழுந்தான். இப்போது அவன் கை ஹேண்டிலை விடவே இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். ஈரக்கோட்டின் நடுவே உளுந்து அளவில் ஒரு வட்டம், நூலில் கோத்த மணி மாதிரி. நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் செதிலாக உடைய வேண்டும். இது மெல்லிய தோலாக உரிந்தது. அடியில் பூசி அடைக்கிற பட்டி. பட்டியைக் குத்தி எடுத்தால், துளை.

விரிசல் மேற்கொண்டு ஓடாமல் இருக்க அதன் நுனியில் துளை போடுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் நுனி நிஜ நுனி இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். போட்டவருக்கு அது தெரியவில்லை. விரிசல் துளையைத் தாண்டிப் போயிருந்தது.

அண்ணன் குனிந்து பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. “டேய்... உனக்கு முன்னாடியே தெரியுமா? உன் வெல்டிங் போச்சுன்னு ஓட்டையப் போட்டு, பட்டி வச்சு மூடிட்டியா? மூணு ரேஸ் ஓட்டியிருக்கேன்டா இதுல!”

“நான் போட்டிருந்தா தள்ளிப் போட்டிருப்பேன்” என்று சொல்ல வாயெடுத்தேன். என் நகத்தில் ஒட்டியிருந்த சிவப்புத் தோல் வெயிலில் மினுமினுத்தது. பெயிண்ட்டில் மினுமினுப்பு கிடையாது. பக்கத்திலேயே இன்ஜின் போல்ட், அதன் மேல் அதே மினுமினுப்பில் அண்ணி இழுத்த கோடு.

விரலை மடக்கிக்கொண்டேன்.

“பதினேழு! பதினேழு தயாரா?” கொடிக்காரர் கத்தினார்.

“கேக்கறேன்ல, சொல்லுடா!”

“ஆமாண்ணே” என்றேன். “நான்தான்...”

“தம்பிய விடுங்க.” அண்ணி சாக்பீஸ் தூள் படிந்த கையைப் புடவையில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். “முதல் ரேஸுக்கு முந்தின நாள் சுத்தியல்ல தட்டினேன். மத்த இடமெல்லாம் கணகணன்னுச்சு. இங்க மட்டும் மண்பானை மாதிரி ஒரு சத்தம். சொன்னா வண்டியப் பிரிச்சிடுவீங்க. பிரிச்சா மறுபடியும் அந்த சன்னல்கிட்ட போய் உக்காந்துடுவீங்க.”

ஹேண்டிலைப் பிடித்திருந்த அண்ணனின் கைகள் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தன. வெள்ளைக்குள் கோடு திறந்தது, மூடியது.

“தம்பியோட ட்ரில்லு அன்னிக்கு நம்ம வீட்லதான் இருந்துச்சு” என்றார் அண்ணி. “நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. நான்தாங்க போட்டேன்.”