மூன்றாம் பதில்

அந்த நான்கு வரியை எழுதியவள் நான்தான் என்று அதைப் படித்தவர்கள் யாருக்கும் தெரியாது. அது ஒன்றுதான் ஆறுதல். கூட்ட அறைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவள் இப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் கடை அது. வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப அவள் எழுதி வைத்த பதில்கள் மொத்தம் பதினொன்று. முதலாவது, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு. இரண்டாவது, டவுன்லோடு பாதியில் நின்றவர்களுக்கு. மூன்றாவது, வாங்கிய கேம் சரிப்படவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு. 'முடியாது' என்ற சொல்லே வராமல் முடியாது என்று சொல்லும் நான்கு வரிப் பதில். அதற்காகப் பாராட்டுகூட வாங்கியிருக்கிறாள்.

ஒரு அம்மாள் எழுதியிருந்தார். கேமில் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது, கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை, பெரிதாக்க வழியும் இல்லை. மூன்றாம் பதில் போயிற்று. 'உடனே பதில் சொன்னதற்கு நன்றி' என்று திரும்ப எழுதினார். திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும்.

போன வருடம் இன்னொரு கடை வந்தது. இரண்டு வாரத்துக்குள் காரணமே சொல்லாமல் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றார்கள் அங்கே. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மேலாளர் மூச்சிரைக்க வந்து மூன்றாம் பதிலை மாற்றச் சொன்னார். 'உங்கள் பணம் திரும்ப வந்துவிடும்.' ஒரே வரி. அன்று அவள் சாப்பிடக்கூடப் போகாமல் அந்த அம்மாளின் கணக்கைத் தேடினாள். மூடப்பட்டிருந்தது. அந்தக் கடைக்குப் போயிருப்பார் என்று தோன்றியபோது, இங்கே சம்பளம் வாங்குகிறவளுக்கு வரக் கூடாத சந்தோஷம் வந்தது.

"உங்க ஆளுங்க எப்ப அண்ணி இவ்ளோ நல்லவங்களா ஆனாங்க?" என்று நேற்றுகூட நாத்தனார் கேட்டாள். பல் மருத்துவமனையில் வேலை அவளுக்கு. லீவு நாளெல்லாம் கேம். அவள் திரையில் இரண்டு கடைகளும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தே இருக்கும்.

"எதிர்ல கடை வந்ததும் ஆனாங்க."

"அப்ப மூணாவது கடை வந்தா தெய்வமாயிடுவாங்க! ஆனா அண்ணி, என் கூட்டாளிங்க பாதி இங்க, பாதி அங்க. ரெண்டு பாஸ்வேர்டு, ரெண்டு தலைவலி."

"பேசாம ஒரே கடையா ஆக்கிடச் சொல்லவா?"

"ஐயய்யோ, வேணாம் தாயே. தலைவலிக்கு மாத்திரை இருக்கு."

நாத்தனாரின் கிண்டல் ஞாபகத்தில் இருக்க, கூட்ட அறையின் பெரிய திரையில் லேப்டாப்பை இணைத்தாள். திரையின் அடியில், மூட மறந்த எதிர்க் கடையின் சின்னம் மின்னிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா?" என்றார் மேலாளர்.

"அங்க விலை கம்மியா இருந்துச்சு சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

"நல்லதாப் போச்சு. அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பணம் திருப்பித் தர்றதை நிறுத்திட்டோம்னு இன்னைக்குக் காலையில அவங்க சொல்லிட்டாங்க. நாம மட்டும் எதுக்கு இளிச்சவாயனா இருக்கணும்? பழைய மூணாவது பதிலையே கொஞ்சம் மாத்தி எழுதி நாலு மணிக்குள்ள ஏத்திடுங்க."

அவருடைய முகத்தைப் பார்த்தாள். மூச்சிரைக்க ஓடி வந்த அதே முகம். அன்று அவர் நல்லவராகவும் இல்லை, இன்று கெட்டவராகவும் இல்லை. எதிர்க் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கடைகளும் ஒன்றையொன்று பார்த்துப் பயப்படும்வரை அந்த அம்மாளுக்கு ஒரு வழி இருக்கும். ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டிவிட்டால்?

"அவங்க கதவைச் சாத்திட்டா, அங்க இருந்து கிளம்புறவங்க எங்க சார் வருவாங்க? நாம திறந்து வச்சிருந்தா இங்கதானே?"

மேலாளரின் பேனா ஒரு கணம் நின்றது. பக்கத்தில் இருந்த விற்பனைப் பிரிவுக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, எதையோ குறித்துக்கொண்டார்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல பதிலை மாத்துங்க. வேற யாராவது எழுதினா வாங்கினவங்க சண்டைக்கு வருவாங்க. நீங்க எழுதினா யாருக்கும் கோபமே வராது."

அதுதான், என்று நினைத்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

பழைய நான்கு வரிகள் இருந்த கோப்பைத் திறக்காமலே திரையிலிருந்து கேபிளைக் கழற்றினாள்.

"நான் எழுத மாட்டேன் சார்" என்றாள், தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதுபோல.